ஆங்கிலப் பாடமும் சொல்லின் தொனியும்

(பள்ளி ஆங்கில ஆசிரியர்களும் போட்டித் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களும் கூடியிருந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, மைய அரசின் கோப்புகளுக்கிடையே ஆண்டுகள் பலவற்றைக் கழித்த ஒருவனை ஆங்கிலப் பாடம் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இலக்கியம் கற்பிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பள்ளியில் கற்ற ஆங்கிலம் பிற்காலத்தில் எங்கே துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த ஒன்றைக் கொண்டே பேசத் துணிகிறேன்.

நம் அலுவலகத் துறைகளுக்கு ஆண்டுதோறும் இளைஞர்கள் புதிதாக வந்து சேருகிறார்கள். அவர்களுள் பலர் தத்தம் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் தலைமுறையினர். இலக்கணப் பிழையின்றி எழுதுவார்கள். சொற்பொருள் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஒரு சிறு நிகழ்ச்சி. பிறிதோர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கேட்ட விவரங்களைத் தங்களுக்கு இயன்ற முதல் வாய்ப்பில் அனுப்பி உதவுமாறு அது மிகப் பணிவாக வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர் அதனைப் படித்து, நமக்கு எப்போது வசதியோ அப்போது அனுப்பலாம் என்று பொருள் கொண்டு, கோப்பினை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். மூன்று வாரங்களில் நினைவூட்டு வந்தது. அவரது அகராதி பிழைபடவில்லை. 'கன்வீனியன்ஸ்' என்றால் வசதி என்பது சரியே. ஆயினும் அந்தச் சொற்றொடர் அலுவலக ஆங்கிலத்தில் வசதியைக் குறிப்பதன்று, விரைவைக் குறிப்பது. பணிவு ஒரு படி கூடும்போது வற்புறுத்தலும் ஒரு படி கூடுகிறது என்ற நுட்பத்தை அவருக்கு எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை.

அரசுக் கடிதங்களின் நடையை ஊன்றி நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். வழக்கமான கடிதத்தில் எழுதுகின்ற அதிகாரி தாமாகப் பேசுவதில்லை. இவ்வாறு கூறப் பணிக்கப்பட்டுள்ளேன் என்று தொடங்குகிறார். அங்கே பேசுவது அரசு. டி.ஓ. என்று அலுவலகங்களில் வழங்கும் நேர்முகக் கடிதத்திலோ 'நான்' என்ற சொல் வந்துவிடும். பெயர் சொல்லி அன்புடன் விளிப்பார். நலம் விரும்பி முடிப்பார். தோழமை மிகுந்த கடிதம் என்று வெளியார் நினைப்பர். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், காரியம் தாமதப்பட்டுப் பெறுநர் நேரில் கவனிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று. இதே போல, 'தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைப் பெற்ற குடிமகன் ஒருவர் அதனை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தே, அவர் ஆறு மாதம் காத்திருப்பதும் அடுத்த வாரமே மேல்முறையீடு செய்வதும் அமைகின்றன. ஆகவே சொல்லின் தொனி என்பது கவிதைப் பாடத்தோடு ஒதுங்கிவிடும் அலங்காரப் பொருளன்று. குடிமகனுக்கும் ஆட்சிக்கும் இடையிலான உறவில் அதற்கொரு பங்கு உண்டு.

தேர்வில் ஒரு மதிப்பெண்

இனிப் பள்ளியில் நடப்பதைப் பார்ப்போம். அணிகளைப் பற்றிய பாடம் எங்கும் உள்ளது. பெரும்பாலும் அது ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது: கீழ்க்காணும் வரியில் அமைந்துள்ள அணியைக் குறிப்பிடுக. மாணவர் 'சிமிலி' என்றோ 'மெட்டஃபர்' என்றோ எழுதுகிறார், மதிப்பெண் கிடைக்கிறது. 'லைக்' அல்லது 'ஆஸ்' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று துணைநூல்கள் குறுக்குவழி காட்டுகின்றன. இக்குறுக்குவழியில் சென்றவர், ஒருவர் எழுத்தராகப் பணிபுரிகிறார் என்னும் சாதாரண வாக்கியத்தில் 'ஆஸ்' இருப்பதைக் கண்டு அங்கும் உவமை என்று எழுதுவதில் வியப்பில்லை. மாம்பழம் பிடிக்கும் என்ற வாக்கியத்திலும் 'லைக்' வருகிறதே!

பெயர் சூட்டுவது அறிவின் தொடக்கம்தான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எதனோடு எது ஒப்பிடப்பட்டது, எந்தத் தன்மை பற்றி, ஏன் அந்த இடத்தில் என்ற கேள்விகளைக் கேட்காத பெயர் சூட்டல், சரக்கைத் திறந்து பாராமலே சிப்பத்தின் மீது சீட்டு ஒட்டுவதாகும்.

இத்தனைக்கும் நம் மரபு இதில் வறியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. செயலால் ஒத்திருத்தல், விளையும் நன்மையால் ஒத்திருத்தல், வடிவால் ஒத்திருத்தல், நிறத்தால் ஒத்திருத்தல் என்று இவற்றை எளிமையாகக் கூறலாம். காசுமீரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், சொல் நேரே தரும் பொருளுக்கும் அப்பால் அது குறிப்பால் உணர்த்தும் பொருளையே கவிதையின் உயிராகக் கொண்டார்; அதனைத் 'த்வனி' என்றார். நாம் வழங்கும் 'தொனி' அச்சொல்லின் தமிழ் வடிவம். வடமொழி ஆசிரியர்கள் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு பலருக்கும் தெரிந்திருக்கும். 'கங்கையில் ஆயர் குடியிருப்பு' என்று ஒருவர் சொன்னால், ஓடும் நீரின் மேல் வீடு கட்ட இயலாது. எனவே கங்கைக் கரையில் என்று பொருள் கொள்கிறோம். அத்தோடு நிற்பதில்லை. கரை என்று சொல்லியிருக்கலாமே, ஏன் கங்கை என்றே சொன்னார்? அவ்விடத்தின் குளிர்ச்சியும் தூய்மையும் நம் மனத்திற்கு வரவேண்டும் என்பதற்காக. நேர்ப்பொருள், வழிப்பொருள், குறிப்புப்பொருள் என மூன்று படிகள் ஒரே சிறு தொடரில் உள்ளன. ஆங்கிலேயர் 'டோன்' என்று கூறுவது முற்றிலும் இதுவன்று. பேசுவோர் தாம் பேசும் பொருளிடத்தும் கேட்போரிடத்தும் கொண்டுள்ள மனப்பாங்கையே அச்சொல் பெரிதும் குறிக்கிறது. இருப்பினும் இரண்டும் அண்டை வீட்டார். ஒன்றை உணர்ந்தவருக்கு மற்றொன்று எளிதில் வசப்படும். இந்த மூலதனத்தைத் தமிழ் வகுப்பிலோ வடமொழி வகுப்பிலோ விட்டுவிட்டு, ஆங்கில வகுப்பினுள் வெறுங்கையோடு நுழையுமாறு மாணவரை நாம் பழக்கியிருக்கிறோம்.

நாணயமான மழைத்துளி

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, 2005 ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டிப் பத்தாம் வகுப்புக்கு வெளியிட்ட 'ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்னும் ஆங்கிலப் பாடநூலின் முதற்பாடம் அது. மெக்சிகோ நாட்டு எழுத்தாளர் கிரகோரியோ லோபஸ் இ ஃபுவென்டஸ் எழுதியது. கடவுளுக்கு ஒரு கடிதம் என்பது தலைப்பு. லென்சோ என்னும் உழவர் மழையை எதிர்நோக்கியிருக்கிறார். மழை வருகிறது. வெளியே சென்று நனைந்துவிட்டு வரும் அவர், விழுபவை துளிகளல்ல, புதிய நாணயங்கள் என்கிறார். பெரிய துளி பத்துக் காசு, சிறிய துளி ஐந்து காசு என்று கணக்கும் போடுகிறார். சற்று நேரத்தில் காற்று சுழன்று, ஆலங்கட்டி விழத் தொடங்குகிறது. அவையோ பார்வைக்கு உண்மையிலேயே வெள்ளி நாணயங்களைப் போல் உள்ளன. ஒரு மணி நேரத்தில் விளைச்சல் முழுவதும் அழிந்து, வயல் உப்பு மூடியது போல வெளுத்துக் கிடக்கிறது.

இங்கே தேர்வு வினா 'உருவகம்' என்ற விடையோடு நிறைவடைந்துவிடும். தொல்காப்பியர் வகுத்த நான்கினைக் கொண்டு நோக்கினால் புதையல் அகப்படுகிறது. முதலில் மழைத்துளியை நாணயம் என்றது பயன் பற்றி. துளி நாணயத்தைப் போலத் தோன்றுவதில்லை. ஆனால் விளைச்சலாகி, விற்பனையாகி, கையில் காசாகும். இரண்டாவதாக ஆலங்கட்டியை நாணயம் என்றது மெய்யும் உருவும் பற்றி. வட்டமாக, வெண்மையாக, அச்சு அசலாக நாணயம் போலவே இருக்கிறது. பயனோ துளியும் இல்லை, அழிவே மிச்சம். நாணயம் என்ற அதே சொல். ஒப்புமைக்கு அடிப்படை மட்டும் பயனிலிருந்து தோற்றத்துக்கு மாறிவிட்டது. அம்மாற்றத்திற்குள் உழவரின் வாழ்வு சரிந்து விழுகிறது. அடுத்து வரும் உப்பு வெண்மையை மட்டும் குறிப்பதன்று. உவர் படிந்த நிலத்தில் பயிர் முளைக்காது என்பதை எந்த உழவரின் மகனுக்கும் ஆசிரியர் சொல்லித் தர வேண்டியதில்லை. நகரத்துக் குழந்தையைக் காட்டிலும் அவன் இந்த வரியை ஆழமாகப் படிக்க வல்லவன். அவனிடம் அதைக் கேட்டுப் பெறுவதற்கான வினாதான் நம்மிடம் இல்லை.

கதையின் பிற்பகுதி தொனிக்கு ஓர் அரிய பாடம். மீண்டும் விதைக்கவும் அடுத்த விளைச்சல் வரை குடும்பத்தை நடத்தவும் 100 பெசோ வேண்டுமெனக் கடவுளுக்கு எழுதுகிறார் லென்சோ. (பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு: உற்பத்திக் கடனும் நுகர்வுக் கடனும் ஒரே விண்ணப்பத்தில் உள்ளன. நம் நாட்டில் 1951-52 இல் நடத்தப்பட்ட அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுகளின் பங்கு சுமார் 3 விழுக்காடே என்று காட்டிற்று. லென்சோவின் விண்ணப்பம் கடவுளுக்குச் சென்றதில் பொருளாதார நியாயம் உண்டு.) அக்கடிதத்தைக் கண்ட அஞ்சல் அலுவலகத் தலைவர், அவ்வுழவரின் நம்பிக்கை குலையக் கூடாதென்று ஊழியர்களிடம் பணம் திரட்டி 70 பெசோ அனுப்புகிறார். பெற்றுக்கொண்ட லென்சோ கோபமுற்று மறுபடி எழுதுகிறார்: மீதியை அனுப்புக, ஆனால் அஞ்சல் வழியாக வேண்டாம், அங்குள்ளவர்கள் திருடர்கள்.

இந்த முடிவைப் படித்துச் சிரிக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? லென்சோவின் கடிதத்தில் கேலி சிறிதும் இல்லை. அவர் முழு நேர்மையுடன் எழுதுகிறார். கதாசிரியரும் எங்கும் கேலி செய்யவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமையால், சொல்பவர் கருதாத ஒரு பொருள் படிப்பவர் மனத்தில் எழுகிறது. ஆங்கிலத்தில் 'ஐரனி' என்பதன் ஒரு வகை இது. இதனை 'சர்காஸம்' எனப்படும் குத்தலோடு மாணவர் குழப்பிக்கொள்கின்றனர். காரணம், இரண்டுக்கும் தமிழ் விளக்கமாக நகைமுரண், கிண்டல், எள்ளல் என்று கையில் கிடைத்த சொல்லைத் துணைநூல்கள் தருகின்றன. குத்தலில் பேசுபவருக்கு நோக்கம் உண்டு. இங்கே பேசுபவருக்கு அந்நோக்கமே இல்லை. இவ்வொரு வேறுபாட்டை வகுப்பில் பேசிவிட்டால் போதும், சொல்லகராதி பின்னால் வரட்டும்.

வெயிலும் குளிரும்

மொழிக்கு மொழி உருவகங்களின் தட்பவெப்பம் வேறுபடுகிறது. நான் இதனை அணிக்காகச் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் உண்மை. இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே வெதுவெதுப்பு அன்பின் அடையாளம். குளிர்ச்சி அன்பின்மையின் அடையாளம். நமக்கோ உள்ளம் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது, கண் குளிரக் காண்கிறோம். வெப்பம் சினத்துக்கு உரியது. ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாக்களுள் 18 ஆவது, நண்பரைக் கோடை நாளோடு ஒப்பிடலாமா என்ற எண்ணத்தில் தொடங்குவது. மே மாத வெயிலில் நாக்பூரிலோ வேலூரிலோ அமர்ந்து இதனைப் படிக்கும் மாணவர், கவிஞர் நண்பரை வைகிறார் என்று கருதினால் அது மாணவரின் குற்றமாகாது. ஆந்தை அங்கே அறிவின் சின்னம். இந்தியில் அறிவிலியைக் குறிக்கும் வசைச்சொல்.

இவை எல்லாவற்றிலும் என்னை ஈர்ப்பது மழை நாள் என்னும் வழக்கு. கெட்ட காலத்திற்கெனச் சேமித்து வைப்பதை ஆங்கிலத்தார் மழை நாளுக்குச் சேமிப்பது என்பர். அங்கே மழை இடர், நடவடிக்கைகளை முடக்குவது. இந்தியப் பொருளாதாரத்திலோ மழை வாராத நாளே இடர் நாள். நம் நாட்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பருவமழையின் மீதான சூதாட்டம் என ஆங்கில ஆட்சிக் காலத்திலிருந்தே உருவகித்து வந்திருக்கிறார்கள். சிறுசேமிப்பைப் பரப்பும் விளம்பரங்களில் மழை நாள் வழக்கைச் சொல்லுக்குச் சொல் இந்திய மொழியாக்கினால், மானாவாரி உழவர் அதனை எவ்வாறு புரிந்துகொள்வார்? மொழிபெயர்ப்பில் சொல் சரியாக வந்து, பொருள் தலைகீழாகிவிடும்.

பொருளாதாரத்தின் உருவகங்கள்

எங்கள் துறையினர் தாங்கள் புள்ளிவிவரங்களோடு மட்டுமே உறவாடுவதாக எண்ணுவர். உண்மையில் உருவகமின்றி ஒரு பத்தியும் எங்களால் எழுத முடியாது. ஆடம் ஸ்மித்தின் கண்ணுக்குப் புலனாகாத கை 1776 ஆம் ஆண்டு நூலில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. பிற்காலத்தார் அதனைப் பெருங்கோட்பாடாக வளர்த்துவிட்டனர். ராஸ்டோ 1960 இல் வளர்ச்சிக் கட்டங்களைப் பற்றி எழுதியபோது, விமானம் தரையை விட்டு எழும்பும் நிலையை உருவகமாக்கினார். நம் திட்ட விவாதங்களில் அச்சொல் நெடுங்காலம் ஒலித்தது. எழும்பிய விமானம் தானாகவே மேலே செல்லும் என்ற உட்குறிப்பையும் அது கூடவே ஏற்றி வந்தது. அக்குறிப்பை யாரும் வாக்கியமாக எழுதவில்லை. உருவகம் எழுதாமலே சொல்லிவிட்டது. இடுகுறுக்கம், உச்சவரம்பு, கசிந்து இறங்கும் பயன் ஆகியவையும் ஒரு காலத்தில் படங்களாக இருந்து பின்னர்ச் சொற்களாக உறைந்தவையே.

பசுமைப் புரட்சி என்ற தொடரைப் பாருங்கள். அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பின் தலைவராயிருந்த வில்லியம் காட், 1968 மார்ச் மாதத்தில் ஆற்றிய உரையில் இதனைப் பயன்படுத்தினார். பயிரின் நிறம் பசுமை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அவர் அதனைச் சோவியத்து நாட்டின் சிவப்புப் புரட்சிக்கும், ஈரான் மன்னரின் வெண்புரட்சிக்கும் எதிராக நிறுத்தியே கூறினார். அக்காலப் பனிப்போரின் தொனி அச்சொல்லில் உண்டு. பின்னர் நாம் பால் உற்பத்திப் பெருக்கத்தை வெண்மைப் புரட்சி என்றபோது ஈரான் யார் நினைவுக்கும் வரவில்லை. நிறம் மட்டும் வந்தது. அரசியல் தொனி உதிர்ந்துவிட்டது. சொற்கள் பயணம் செய்யும்போது மூட்டையில் பாதியை வழியிலேயே இறக்கி விடுகின்றன போலும்!

தொனியைத் தவறவிட்டால் நேரக்கூடிய ஆபத்துக்கு ஜானதன் ஸ்விஃப்ட் 1729 இல் வெளியிட்ட 'ஒரு பணிவான முன்மொழிவு' தக்க சான்று. அயர்லாந்தின் வறுமைக்குத் தீர்வாக, ஏழைகளின் குழந்தைகளை உணவுக்கு விற்கலாம் என்று அது முன்மொழிகிறது. ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறப்பதாகவும், அவர்களுள் 20,000 பேரை இனப்பெருக்கத்திற்கு ஒதுக்கி 1,00,000 பேரை விற்கலாம் என்றும், வளர்ப்புச் செலவு இவ்வளவு, விலை இவ்வளவு என்றும் கணக்கு நீள்கிறது. குரலில் பதற்றம் இல்லை. பொது நலம் நாடும் நல்ல அலுவலரின் குறிப்பு போலவே நடை அமைந்துள்ளது. அந்த அமைதிதான் அதன் தீ. மனிதரை எண்களாகக் காணும் திட்டக்காரர்களின் குரலையே ஸ்விஃப்ட் கடன் வாங்கி அவர்கள் மீது திருப்பினார். திட்டக் குறிப்புகள் எழுதும் பொறுப்புள்ளவர்கள் பணியில் சேரும்போதே இதனைப் படிப்பது நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து.

காதில் விழாத மொழி

1964-66 ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வியில் ஆங்கிலத்தை நூலக மொழியாகக் கண்டது. அக்கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உருவகத்தில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. நூலகத்தில் பேசக் கூடாது. தொனியோ முதலில் காது வழியாக வருவது. தமிழில் 'வந்தான்', 'வந்தானே', 'வந்தானாம்', 'வந்தானா' என்று இடைச்சொல்லும் விகுதியும் தொனியைச் சுமக்கின்றன. எழுத்திலேயே அது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அச்சுமை பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் 'மே', 'மைட்', 'வுட்' போன்ற துணை வினைகளிலும், 'குவைட்', 'ராதர்' போன்ற சிறு சொற்களிலும் இருக்கிறது. அம்மொழியை வீட்டிலும் வீதியிலும் கேளாத பிள்ளைக்கு, அச்சில் உள்ள வாக்கியம் ஊமையாகவே நிற்கும். 'நாட் பேட்' என்பது ஆங்கிலேயர் வாயில் பல நேரங்களில் மனமார்ந்த பாராட்டு என்று அப்பிள்ளை எங்ஙனம் அறியும்?

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரை மையமாகக் கொண்டு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய முயற்சியில், வாக்கிய அமைப்புகளை மனப்பாடம் செய்விப்பதற்கு மாறாக, பொருளில் கவனம் குவியும் பணிகளை மாணவருக்குத் தந்தனர். இரயில் கால அட்டவணையும் வரைபடமும் அங்கே பாடப்பொருளாயின. சாதாரண அரசுப் பள்ளிகளிலும் மாணவர்கள் பொருளைத் தேடிச் செல்ல இயலும் என்பதை அது காட்டியது. தொனிக்கும் அவ்வாறே பணிகள் அமைக்கலாம். ஆசிரியர் உரை விளக்கம் தருமுன் பாடத்தை வாய்விட்டுப் படிப்பது முதற்படி. இன்று பல வகுப்புகளில் விளக்கமே முதலில் வருகிறது. ஆங்கில மூலம் ஒலிக்காமலே பாடம் முடிகிறது. ஒரே வாக்கியத்தைப் பாராட்டாக, ஐயமாக, குத்தலாக மும்முறை படித்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்கலாம். செலவு எதுவும் இல்லை.

மேல்நிலை வகுப்புகளில் உண்மையான கடிதங்களையும் படிக்கக் கொடுக்கலாம்: வங்கியின் அறிவிப்பு, மனுவுக்கு வந்த பதில், ஓர் அரசுச் சுற்றறிக்கை. 'மே' என்ற சொல் வரும் இடத்தில் அதிகாரிக்கு விருப்புரிமை உண்டா, கடமை உண்டா என்பது நீதிமன்றங்களே பலமுறை ஆராய்ந்துள்ள கேள்வி. பதினேழு வயது மாணவர் அதனை வழக்கறிஞராக அன்றி வாசகராக அணுகட்டும். குடிமைப் பணித் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் 300 மதிப்பெண்ணுக்கு உள்ள ஆங்கிலத் தகுதித் தாளும், பத்தியைப் புரிந்துகொள்ளவும் சுருக்கி எழுதவும்தான் கேட்கிறது. தொனியைத் தவறவிட்டுச் சுருக்கும்போது, ஆசிரியர் கண்டித்த கருத்து அவர் ஆதரித்த கருத்தாக விடைத்தாளில் இடம்பெற்றுவிடுகிறது.

வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது என்பதை நானறிவேன். முழு மாற்றம் கேட்கவில்லை. அணியைக் குறிப்பிடுக என்ற வினாவை விட்டுவிடவும் வேண்டாம். அதற்குக் கீழே இன்னுமொரு வினா சேர்ந்தால் போதும். லென்சோவின் கதை, அஞ்சல் அலுவலகத் தலைவர் இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் என்ன நினைத்தார் என்று சொல்லாமலே முடிகிறது. அவர் தம் ஊழியர்களிடம் அக்கடிதத்தைப் படித்துக் காட்டியபின் கூறியிருக்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை எழுதுக. ஒன்று அவர் புண்பட்டதைக் காட்டட்டும், மற்றொன்று அவர் சிரித்ததைக் காட்டட்டும். விடை திருத்துவதற்கு ஆசிரியருக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகலாம்.